வசந்தி விற்க வைத்திருந்த வண்டி

1

ஒரே கம்பெனியில் இருபது வருடம் உட்கார்ந்திருந்ததற்காக எனக்கு மூன்று மாதம் சம்பளத்துடன் விடுப்பு கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஓடிப்போகாமல் பொறுமையாக இருந்தவர்களை, கொஞ்ச நாள் எங்கேயாவது போய்விட்டு வா என்று அவர்களே அனுப்பிவைப்பார்கள். என்னோடு வேலை செய்யும் பெண்கள் இத்தாலிக்குப் போனார்கள், கப்பலில் போனார்கள். நான் மெல்பர்னிலிருந்து கிளம்பி, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த வேலை, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். என் கணவர் சுந்தர் விமான நிலையம்வரை சிரித்துக்கொண்டே வந்தார். பெர்த்தில் இருக்கும் என் மகன் கார்த்திக் போனில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். நடுவயதில் ஆண்களுக்கு வரும் வியாதி உனக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். "அம்மா" என்ற ஒரு சொல்லைத் தவிர அவனிடம் இப்போது தமிழ் மிச்சம் இல்லை. அதையும் கடைசியில் அழுத்திச் சொல்கிறான். சரி, அதாவது இருக்கிறதே என்று விட்டுவிடுகிறேன்.

அங்கேயே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று எல்லோரும் கேட்டார்கள். வாங்கலாம். மெல்பர்னில் ஓய்வுபெற்ற கிழவர்கள் கூரையை மடக்கிவிட்டுத் தொப்பி போட்டுக்கொண்டு போவார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்குப் பார்க்க ஆள் வேண்டும். கல்லூரிக்கு 5பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன ஹேமா இப்படி வருகிறாள் என்று லஸ் கார்னரில் யாராவது ஒருவர் வாயைப் பிளக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்வதற்கு எனக்கு வெட்கமில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று இருக்கப்போகிறோம். அதற்கு முன்பணம்போல இந்த வண்டி.

தவிர, எனக்கு ஒரு திமிர் உண்டு. என் தொழிலே வண்டிகளைச் சந்தேகப்படுவதுதான். அடிபட்ட, ஆலங்கட்டி விழுந்த, தண்ணீரில் நின்ற கார்களைப் பார்த்து, இதைச் சரிசெய்யலாமா, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டுமா என்று எழுதிக் கொடுப்பேன். காலை ஏழரைக்கு, ஊர் எல்லையில் ஒரு பெரிய திறந்த மைதானம். கையில் டார்ச், பெயிண்டின் தடிமனை அளக்கும் சின்ன மீட்டர், நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். உரிமையாளர் கதை சொல்ல வந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். முதலில் வண்டி பேசட்டும், பிறகு நீங்கள் பேசுங்கள் என்பேன். இந்த ஒரு வழக்கம்தான் எனக்கு அங்கே நல்ல பெயர் வாங்கித் தந்தது. இங்கே அதுதான் காலை வாரிவிட்டது.

2

தரகர் பாபு என்னை முதலில் தி. நகருக்கு அழைத்துப் போனார். பாத்திரக் கடை, நகைக் கடை இரண்டும் வைத்திருக்கும் குடும்பம், தூத்துக்குடிப் பக்கம். மஞ்சள் நிறத்தில் தாழ்வான வண்டி. எட்டு வருடம் ஆகியும் சீட்டின் பாலித்தீன் உறையைக் கழற்றவில்லை. டாஷ்போர்டில் பிள்ளையார், முருகன், குலதெய்வத்தின் படம், அதற்கும் மேலே காய்ந்த எலுமிச்சம்பழம். இத்தனை பேர் ஏறிய வண்டி எவ்வளவு வேகம் போயிருக்கும்?

கல்லாவில் இருந்த பெரிய அண்ணாச்சி பெருமையாகச் சொன்னார். "நாப்பதுக்கு மேல மிதிச்சதே கெடையாதும்மா. சின்னவன் ஆசப்பட்டான்னு வாங்குனோம். பாண்டி பஜாருக்கும் வீட்டுக்குந்தான் போவான். நம்பி எடுக்கலாம்."

நாற்பதுக்கு மேல் போகாத ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கரி பிடித்திருக்கும். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. பிடித்திருந்தால் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுப்பதில்லை என்றார்.

இரண்டாவது அடையாறில். மென்பொருள் கம்பெனியில் இருக்கும் பையன். சைலன்ஸரை மாற்றி, ஸ்டார்ட் செய்தால் தெருநாய்கள் எல்லாம் குரைக்கும்படி வைத்திருந்தான். நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்க இரண்டாவது பெயிண்ட். எங்கேயோ நன்றாக முட்டியிருக்கிறான். "சின்ன ஸ்க்ராட்ச்தான் ஆன்ட்டி" என்றான். ஆன்ட்டி என்றதற்காகவே வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அன்று மாலை வசந்தி போன் செய்தாள். வசந்தி என் கல்லூரித் தோழி. நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பல் மருத்துவத்தில் இடம் கிடைத்தது. கல்லூரியை விட்டுப் போனாள், என்னை மட்டும் விடவில்லை. அபிராமபுரத்தில் கீழே கிளினிக், மாடியில் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வயதில், கூரை மடியும் இரண்டு இருக்கை ஜெர்மன் வண்டி ஒன்றை வாங்கி, சொந்தக்காரர்கள் எல்லோர் வாயிலும் விழுந்தாள்.

"ஏண்டி, ஊரெல்லாம் தேடறியாமே? என்னோடது நிக்குதே. விக்கத்தான் வெச்சிருக்கேன்."

"நீயா? அதையா?"

"முட்டி போச்சுடி. உட்கார்ந்தா எழுந்திருக்க ஒரு ஆள் கை குடுக்க வேண்டியிருக்கு. வந்து பாரு. எவ்வளவு தோணுதோ குடு."

அந்த நீல வண்டியில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெசன்ட் நகர்வரை போயிருக்கிறேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் வயிறு உரசும், வசந்தி அந்த வேகத்தடை போட்டவரைத் திட்டுவாள். பக்கத்து இருக்கையில் உட்காருகிறவள் எதையும் பரிசோதிப்பதில்லை. பாபுவிடம் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அது எட்டுமா. நம்பரைக் கூட்டிப் பாருங்க, எட்டு வரும். சனி. ரெண்டு வருஷமா நானும் சொல்லிப் பார்த்துட்டேன், ஒருத்தன் தொட மாட்டேன்றான்."

எனக்கு அதைக் கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எட்டுக்குப் பயந்து ஊரே ஒதுங்கினால் எனக்கு மலிவாகக் கிடைக்கும். மெல்பர்ன்காரிக்கு ஏது சனி என்று நினைத்துக்கொண்டேன்.

3

இங்கே ஒரு சின்ன இடைவெட்டு. வண்டி வாங்க வேண்டுமானால் என் பெயரில் பதிவுசெய்ய வேண்டும், அதற்கு முகவரிச் சான்று வேண்டும். என்னிடம் இருப்பது ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டு இந்தியர் என்று சொல்லும் ஒரு நீலப் புத்தகமும். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "சென்னையில உங்க பேர்ல ஏதாவது ஒண்ணு இருக்காங்க மேடம்? கரண்ட் பில், கேஸ் புக், எதுவா இருந்தாலும் பரவால்ல." யோசித்துப் பார்த்தேன். பிறந்து இருபத்தேழு வருடம் வாழ்ந்த ஊரில் என் பெயரில் ஒரு மின்சார ரசீதுகூடக் கிடையாது. கோட்டூர்புரத்தில் அப்பாவின் ஃப்ளாட் இருந்தது. அவர் போன மறுவருடமே அதை விற்றுவிட்டேன். வாடகை ஒப்பந்தம் பதிவாகி வரட்டும் என்று சொல்லித் திரும்பினேன்.

மொழி விஷயத்திலும் இரண்டு பக்கமும் இடிதான். மெல்பர்னில் சேர்ந்த புதிதில், என் முதல் அறிக்கையில் 'டிக்கி' என்று எழுதிவிட்டேன். பின்பக்கத்துக்கு அங்கே 'பூட்' என்பார்கள். ஆபீஸே கூடிச் சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக்கொண்டேன். இப்போது பாபுவிடம் "பூட்டைத் திறங்க" என்றால் அவர் எந்தப் பூட்டு, சாவி எங்கே என்று கேட்கிறார். ஒரு வண்டியின் பின்பக்கத்தைத் திறக்க நான் இத்தனை பாடு பட வேண்டியிருக்கிறது.

4

சனிக்கிழமை காலை வசந்தியின் வீட்டுக்கு டார்ச்சும் மீட்டருமாகப் போனேன். வண்டி போர்ட்டிகோவில் நின்றது. துடைத்து வைத்திருந்தாள். காபி கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஹேமா, வண்டியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

நான் கையைக் காட்டினேன். "ஒண்ணும் சொல்லாதே. நானே கண்டுபிடிக்கிறேன். அதுதான் என் தொழில்."

"இல்லடி, முதல்ல—"

"வசந்தி, ப்ளீஸ். முதல்ல வண்டி பேசட்டும்."

அவள் சிரித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஆரம்பித்தேன். எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. நல்லது. விற்கிறவர்கள் முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிட்டால் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தம் தெரியாது. பெயிண்ட் எல்லாம் ஒரே தடிமன். எங்கும் முட்டியதில்லை. டயர் ஓரத்தில் தயாரித்த வருடம் இருக்கும், பார்த்தேன், புதுசு. கூரை மடிந்து திறந்தது, கொஞ்சம் முனகியது. வசந்தி பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் சந்தோஷம். இதைத்தான் வாங்கப்போகிறேன் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

பிறகு சீட் பெல்ட்டை இழுத்தேன். நாம் இழுத்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு அல்ல, கடைசிவரை, சுருளில் மிச்சமில்லாமல். இதை யாரும் செய்வதில்லை. தண்ணீரில் நின்ற வண்டியை விற்பவர்கள் சீட்டை மாற்றுவார்கள், விரிப்பை மாற்றுவார்கள், வாசனை அடிப்பார்கள். பெல்ட்டின் கடைசி முழம் சுருளுக்குள் இருப்பதால் அதை மறந்துவிடுவார்கள். இழுத்தேன். கருப்பு நாடாவின் குறுக்கே, காய்ந்த பழுப்பில், மண் படிந்த கோடு. டிக்கி விரிப்பைத் தூக்கினேன். மூலையில் மாவுபோல நைசான வண்டல். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தேன். திருகுகள் துருவேறியிருந்தன.

அந்த நேரத்தில் நான் வசந்தியின் தோழியாக இருக்கவில்லை. என் குரல் எனக்கே கேட்டது. மைதானத்தில் பேசும் குரல்.

"இது தண்ணியில நின்ன வண்டி."

"ஆமா."

"எவ்வளவு தண்ணி? சீட்டுக்கு மேலயே வந்திருக்கு."

"ஆமா ஹேமா. அதைத்தான்—"

"இன்சூரன்ஸ் பேப்பர்ல க்ளெய்ம் ஒண்ணும் இல்லேன்னு போட்டிருக்கே. மறைச்சு வெச்சியா?"

"மறைக்கல. க்ளெய்ம் குடுக்கல அவங்க."

"இதைச் சொல்லாம எனக்கு விக்கப் பார்த்தே. எங்க ஊர்ல இதுக்கு என்ன பேர் தெரியுமா? ஃப்ராடு."

வசந்தி படியிலிருந்து மெதுவாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கோபத்தைக் காட்டுகிறவள் அல்ல அவள். முப்பது வருடமாக வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால் அடுத்தவர் பதிலை எதிர்பார்க்காமல் பேசுவாள்.

"உங்க ஊரா?" என்றாள். பிறகு, "வேணாம்னா விடு. பேஷன்ட் வெயிட் பண்றாங்க," என்று சொல்லி கிளினிக்குக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமைகளில் அவள் காலையில் பேஷன்ட் பார்ப்பதில்லை. அது எனக்குத் தெரியும்.

5

ஐந்து நாள் நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. முப்பத்து நாலு வருடத்தில் இப்படி நடந்ததில்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சுந்தரிடம் போனில் வாதாடினேன். அவர், "நீ சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கே," என்றார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இந்த ஊரில் மிச்சமிருப்பது வசந்தி ஒருத்திதான். அவளையும் இழந்துவிட்டு ஆறு மாதம் இங்கே வந்து யாரோடு உட்கார்ந்திருப்பேன் என்ற பயம் இருந்தது. பயம் வரும்போது எனக்கு வீம்பும் கூடவே வரும். மஞ்சள் வண்டியையே வாங்கித் தொலைக்கலாம் என்று பாபுவிடம் சொல்லிவிட்டேன்.

வாங்குவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று பாபு மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் அழைத்துப் போனார். இந்த மாதிரி வண்டிகளில் கைவைக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தானாம். பெயர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும், கையெல்லாம் கிரீஸ். அண்ணாச்சியின் மஞ்சள் வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். ஒரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல இருந்தது.

"நல்லா கீதுமா வண்டி. ஆனா ஓடாம உக்காந்து உக்காந்து மந்தமா பூட்ச்சு. ரெண்டு நாள் மகாபலிபுரம் வரைக்கும் அட்ச்சி ஓட்னா சரியா பூடும்."

எனக்கு என்னைப் போன்ற ஒரு ஆளைப் பார்த்த சந்தோஷம். பேச்சுவாக்கில் சொன்னேன். "அபிராமபுரத்துல ஒரு நீல வண்டி பார்த்தேன். நல்லவேளை, பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். தண்ணி வண்டி."

ஏழுமலை துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "பல் டாக்டரம்மாவுதா? அத்த நான்தாம்மா கயிறு கட்டி இஸ்துக்கினு வந்தேன். தண்ணி குட்ச்ச வண்டிதான், யாரு இல்லேன்னா? ஒவ்வொரு வயரா கழட்டிக் கழுவி, முடிக்க ஒரு வருசம் ஆச்சு."

"இன்சூரன்ஸ்ல ஏன் எடுக்கல?"

"அவன் காசு தர மாட்டேன்ட்டான். தண்ணில நிக்கசொல்ல சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணிட்டாங்களாம். அதனால இஞ்சின் பூட்ச்சு, அது உன் தப்புன்ட்டான்."

அது விதி. தண்ணீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் தண்ணீரை இழுத்து உள்ளே உடையும். அதற்குப் பணம் கிடையாது. நானே எத்தனையோ பேருக்கு அப்படி மறுத்து எழுதியிருக்கிறேன். "படிச்சவங்க, எதுக்கு ஸ்டார்ட் பண்ணாங்க?" என்று கேட்டேன். என் குரலில் இன்னும் அந்த மைதானம் இருந்தது.

"பின்ன இன்னாமா பண்ணுவாங்க? அந்தப் பெரிய வெள்ளம் வந்துச்சே, அப்ப. கோட்டூர்புரத்துல ஒரு பெர்சு தனியா கீழ் வீட்ல மாட்டிக்கிச்சு. அவரு பொண்ணு வெளிநாட்டுல கீதாம். டாக்டரம்மா இந்த வண்டிய மேட்டுல நிறுத்திட்டு, இடுப்புத் தண்ணில நடந்து போச்சு. ஊரூர் குப்பத்து ஆளுங்க மீன் புடிக்கிற போட்டு எட்துகினு வந்திருந்தாங்க இல்ல, அவங்கள இட்டுகினு போயி பெர்ச ஏத்திக்கினு வந்தாங்க. வந்து பாத்தா வண்டிக்கும் தண்ணி வந்துகினு கீது. அவருக்கு மூச்சு எளைப்பு. ஆசுபத்திரிக்கு ஓடணும். சாவியப் போடாம இன்னா பண்ணும் அது? போட்டுச்சு. பூட்ச்சு."

பாபு ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை.

"அந்தப் பெரியவர்..."

"பேரு தெரியாதுமா. ஆனா டாக்டரம்மா சொல்லிச் சிரிச்சுது. கண்ணாடி எட்துக்கல, செருப்பு எட்துக்கல, போன் சார்ஜர மட்டும் தலைக்கு மேல தூக்கிக்கினு வந்தாராம். பொண்ணு ஞாயித்துக்கெழம போன் பண்ணும்னு."

நான் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வேன். இங்கே காலை பத்து மணிக்கு.

6

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கென்று நம் ஊரில் தனியாக ஒரு செய்திப் பதிப்பு உண்டு. அதில் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை, 'லேசா ஜலதோஷம்'தான். யாரும் விழுவதில்லை, 'கால் கொஞ்சம் பிசகிடுச்சு'. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆபரேஷன் நடந்தது தெரியவரும். அங்கே இருந்துகொண்டு நீ என்ன செய்யப்போகிறாய், டிக்கெட் போட்டு ஓடிவருவாய், அதனால் சொல்லவில்லை என்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். நாமும் அந்தப் பதிப்பையே வாங்கிப் படித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறோம்.

அந்த வெள்ளத்தின்போது என்ன சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு நாள் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் வசந்தி பேசினாள். நான், "எல்லாம் ஓகேதானே? அப்பா ஓகேதானே?" என்று கேட்டேன். "ஓகேடி," என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசினார். "கொஞ்சம் மழைம்மா. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும், அதனால வசந்தி வீட்ல இருக்கேன்." நாற்பது நாள் அங்கே இருந்தார். பெயிண்ட் அடிக்க நாற்பது நாளா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, கார்த்திக் நீச்சல் போட்டியில் ஜெயித்ததைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

ஆபீஸில் ஒரு முறை ஒரு கிரேக்கப் பாட்டி வந்தாள். ஓடை பொங்கிய நாளில் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தவள். என் படிவத்தில் 'எஞ்சினை இயக்கினீர்களா' என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றாள். மேற்கொண்டு சொல்ல வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி, அது போதும் என்றேன். ஏன் இயக்கினீர்கள் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. எனக்கும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. மந்தைவெளிச் சந்தில், மஞ்சள் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு நான் அழுதேன். பாபு பயந்துபோய் ஒரு சோடா வாங்கிவந்தார். ஏழுமலை ஒன்றும் புரியாமல், "வண்டி நல்லாத்தாம்மா கீது," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

7

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீல வண்டியைத்தான் வாங்கினேன். தொழில்முறையில் பார்த்தால் தவறான முடிவு. இன்னும் சில வருடத்தில் அதன் வயர்கள் ஒவ்வொன்றாக உளுத்துப்போகும். ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தால் தொடாதீர்கள் என்று எழுதியிருப்பேன். பெயர் இன்னும் மாறவில்லை, முகவரிச் சான்று வரும்வரை அது வசந்தியின் பெயரில்தான் ஓடும். எட்டைப் பற்றி பாபு இன்னும் வருத்தப்படுகிறார். அண்ணாச்சிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, வண்டிக்குப் பதிலா ஒரு குக்கராவது வாங்கிட்டுப் போங்க," என்றார். வாங்கினேன்.

ஆனால் வாங்கியதெல்லாம் பிறகு. மந்தைவெளியிலிருந்து நேராக ஆட்டோவில் அபிராமபுரம் போனேன். மதியம் இரண்டு மணி, கிளினிக்கில் யாருமில்லை. வசந்தி பேஷன்ட் நாற்காலியில் தானே சாய்ந்து, காலை நீட்டி, முட்டிக்கு ஏதோ தைலம் தடவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தைலத்தை மூடிவைத்தாள்.

"ஏழுமலை உளறிட்டானா?"

நான் தலையை ஆட்டினேன். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்தேன். வாயில் வந்தது வேறு. "ஏண்டி சொல்லல? இத்தனை வருஷமா?"

"உங்கப்பா சொல்லாதேன்னார்."

"அப்பா போனப்புறம்?"

"அப்புறம் சொன்னா, உனக்கு நான் என்னவெல்லாம் செஞ்சேன் பாருன்னு லிஸ்ட் படிக்கிற மாதிரி இருக்கும். அது வேற எனக்குத் தேவையா?" கையைத் துடைத்தாள். "வண்டியை விக்கும்போது சொல்லித்தானே ஆகணும்னு வாயைத் திறந்தேன். நீ கையைக் காட்டினே."

"நான் உன்னைப் போய் ஃப்ராடுன்னு சொல்லிட்டேன்."

"சொன்னே. அஞ்சு நாளா தூங்கல நான். நாளைக்கு விடிஞ்சா உன் வீட்டு வாசல்ல வந்து நின்னு நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன்."

"கேளு."

"இப்ப நீ அழுதுண்டு வந்து நிக்கறே. மூட் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. பேஷன்ட்களுக்கு வைத்திருக்கும் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் டாக்டர் உட்காரும் சக்கர ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் அருகில் உட்கார்ந்தேன்.

"வசந்தி, அன்னிக்கு என்ன நடந்தது? முதல்லேர்ந்து சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"காலையில பால் வரல," என்று ஆரம்பித்தாள். பால் வராததால் கடைக்குப் போனாளாம். பாலத்துக்கு அடியில் தண்ணீர் இடிக்கிறது என்று கடையில் பேசிக்கொண்டார்களாம். அப்பாவுக்குப் போன் போகவில்லை. மத்தியானம்வரை பேஷன்ட் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் வண்டியை எடுத்தாள். தெருமுனையில் தண்ணீர் முழங்காலுக்கு, வீட்டு வாசலில் இடுப்புக்கு. அப்பா சாப்பாட்டு மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், "வாம்மா, காபி போட முடியாது, கேஸ் தண்ணிக்குள்ள இருக்கு," என்றாராம். குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் அவரைக் குழந்தைபோலத் தூக்கிப் படகில் வைத்தார்கள். வண்டி கைவிட்ட பிறகு, ஒரு முன்பின் தெரியாத வீட்டு மாடியில் ஏற்றிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண் இன்ஹேலர் வைத்திருந்தாள், அதில்தான் மூச்சு திரும்பியது.

"மாடியில போய் உட்கார்ந்தப்புறம் என் போன்ல ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அவருக்கு நடுங்குது, துண்டைப் போத்தி விட்டிருக்கேன். ஹேமாவுக்குப் போட்டுத் தரட்டுமாப்பா, ஒரு வார்த்தை பேசறீங்களான்னு கேட்டேன். போனைக் கையில வாங்கிட்டார். வாங்கிட்டு, இப்ப அவளுக்கு அங்க என்ன மணின்னு கேட்டார். பதினொண்ணரைன்னேன்."

வசந்தி அங்கே நிறுத்தினாள். நான் குறுக்கே பேசவில்லை.

"போனை என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார். இப்பதான் படுத்திருப்பா, காலையில வேலைக்குப் போகணும், தூங்கட்டும்னார்."

அந்த இரவு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.